தெளிக்காத துண்டு எங்கே?

நம்ம கூட்டங்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுபவப் பகிர்வு நடக்கும். ஒருவர் எழுந்து, "பூ எடுக்குற நேரத்துல தேமோர் கரைசல் ரெண்டு தடவ அடிச்சேங்க. போன வருஷம் 18 மூட்டை, இந்த வருஷம் 24" என்பார். கைதட்டுவோம். இன்னொருவர் மீன் அமிலம் என்பார், மூன்றாமவர் பஞ்சகவ்யா என்பார். எல்லாவற்றுக்கும் ஆறு மூட்டை கூடியிருக்கும். நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

நான் மட்டும் கொஞ்ச நாளாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தெளிக்காம விட்ட எடத்துல எவ்வளவு வந்துச்சுங்க?" பெரும்பாலும் கிடைக்கிற பதில், "எல்லாத்துலயும்தான் அடிச்சேன்." சில பேருக்குக் கோபம்கூட வருகிறது, நான் ஏதோ அவர் சொல்வதைப் பொய் என்று சொல்வது போல. பொய் என்று நான் சொல்லவில்லை. 24 மூட்டை வந்தது உண்மை. கரைசல் அடித்ததும் உண்மை. இதனால்தான் அது வந்தது என்கிற மூன்றாவது சங்கதிக்குத்தான் இன்னும் சாட்சி இல்லை.

விவசாயத்துக்கு வருவதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஏழாம் வகுப்பில் 'மாறி' என்ற பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் முழிப்பார்கள். கரும்பலகையில் ஒரு எழுத்தைப் போட்டு, "இதோட மதிப்பு மாறிக்கிட்டே இருக்கும்" என்றால் அவர்களுக்கு அது பேய்க்கதை. ஆனால் உழவனுக்கு அது புதுசா என்ன? மழை மாறி. விதை மாறி. நட்ட தேதி, நாற்றின் வயசு, தண்ணி கட்டிய நாள், களை எடுத்த தடவை, போன போகத்தில் அந்த வயலில் என்ன இருந்தது, இது ஒவ்வொன்றும் மாறி. மகசூல் என்பது இவற்றையெல்லாம் சார்ந்து நிற்கிற இன்னொரு மாறி. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் கரைசல் மட்டுமா மாறியது? ஆனி மழை நல்லா பெஞ்சிருக்கும். மருமகள் வந்ததில் களையெடுப்பு ஒழுங்காக நடந்திருக்கும். தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருப்பார். ஆறு மூட்டையை இத்தனை பேரும் பங்கு போட நிற்கும்போது, கரைசல் மட்டும் முன்னால் வந்து மாலையை வாங்கிக்கொள்கிறது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். அதற்காகத் தட்டானைப் பிடித்து நூலில் கட்டித் தாழப் பறக்கவிட்டால் மழை வருமா? யாரும் அப்படிச் செய்வதில்லை. காற்றில் ஈரம் கூடுகிறது. அதனால் குட்டிப் பூச்சிகள் தாழ வருகின்றன, அவற்றைத் தின்னத் தட்டானும் வருகிறது. அதே ஈரம்தான் மழைக்கும் முன்கூட்டி வந்து நிற்கிறது என்று விளக்கம் சொல்வோம். இரண்டும் சேர்ந்து நடக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றை நடத்துவதில்லை. தட்டான் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், டானிக் பாட்டில் விஷயத்தில் மட்டும் ஏன் ஏமாறுகிறோம்?

இதைவிட நுணுக்கமான ஒரு பொறி இருக்கிறது. தட்டைப்பயறில் அசுவினி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆண் துணை இல்லாமலே குட்டி போடுகிற ஜாதி அது. ஒரு வாரத்தில் கொழுந்தெல்லாம் கருப்பாகிவிடும். முதல் நாலு நாள் "பாத்துக்கலாம்" என்று இருப்போம். தாங்க முடியாமல் போகிற அன்றைக்குத்தான் கரைசலைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆனால் அசுவினி ஏறினால் அதைத் தின்ன பொறிவண்டும் ஏறும், சற்றுப் பின்னால். பொறிவண்டு முட்டையிட்டு, முதலைக்குட்டி போல இருக்கிற அதன் புழு வெளியே வந்து தின்ன ஆரம்பிக்கிற நேரமும், நாம் பொறுமை இழந்து தெளிக்கிற நேரமும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். அஞ்சாம் நாள் செடி சுத்தம். பாராட்டு கரைசலுக்கு. உச்சிக்குப் போன எதுவும் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். நாம் உச்சியில் மட்டுமே மருந்தைத் தொட்டால், தண்ணியைத் தெளித்தாலும் குணமானது போலத்தான் தெரியும். கரைசல் வேலை செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். தெளிக்காத நாலு வரிசை பக்கத்தில் நின்றிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்கிற இடத்தில் 1843-ல் கோதுமை வயல் ஒன்றை நீள நீளத் துண்டுகளாகப் பிரித்தார்கள். பிராட்பாக் வயல் என்று பெயர். ஒரு துண்டுக்குத் தொழுவுரம், சில துண்டுகளுக்கு விதவிதமான ரசாயன உரம், ஒரு துண்டுக்கு ஒன்றுமே இல்லை. இன்றைக்கும் அந்தச் சோதனை ஓடுகிறது. ஒன்றும் இடாத துண்டும் அப்படியே இருக்கிறது. இதை நடத்திய ஜான் லாஸ் ரசாயன உர வியாபாரி. அவர் போட்ட வயலிலேயே தொழுவுரத் துண்டு பல பத்தாண்டுகள் ரசாயனத் துண்டுக்கு ஈடாக விளைந்தது. மண்ணில் இருக்கிற கரிமமும், ஒன்றும் இடாத துண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. நம்ம ஆட்கள் மேடையில் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் கூடவே சொல்ல வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. அந்தத் துண்டுக்கு வருஷா வருஷம் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம். ஏக்கருக்கு 14 டன்! நம்மில் எத்தனை பேர் வீட்டில் அவ்வளவு எரு இருக்கிறது? அளவு என்கிற மாறியை மறைத்துவிட்டு "எரு ஜெயிச்சுது" என்று சொன்னால், புதுசாக வருகிற பிள்ளை ஏக்கருக்கு 2 டன் போட்டுவிட்டு அதே விளைச்சலை எதிர்பார்ப்பான். வராது. "இயற்கை விவசாயம் ஏமாத்து" என்று சொல்லிவிட்டு யூரியா மூட்டையோடு திரும்புவான். இப்படித் திரும்பினவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதே ராத்தம்ஸ்டெட்டுக்கு 1919-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற கணக்குக்காரர் வேலைக்கு வந்தார். குவிந்து கிடந்த பல வருஷத்து விளைச்சல் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்குவதில் மழையின் பங்கு எவ்வளவு, மண் களைத்துப்போவதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார். மழையிலும் அடங்காத, உரத்திலும் அடங்காத ஒரு மெதுவான ஏற்ற இறக்கம் மிஞ்சியது. அவர் கை காட்டியது களையை. முன்னெல்லாம் கிராமத்துப் பிள்ளைகள் கோதுமை வயலில் களை பறித்தார்கள். 1876-ல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோர் கடமை என்று சட்டம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், வயலில் களை ஏறியது. உரத்தைப் பற்றிய சோதனையில் பள்ளிக்கூடச் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? நம்ம வயலில் நூறு நாள் வேலை வந்த வருஷத்தையும், நடவு மெஷின் வந்த வருஷத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற மாறியைப் பிடித்துவிடலாம். பெயரே தெரியாத மாறிகளை என்ன செய்வது? வாய்மடைப் பக்கம் வண்டல் கூடுதல். வரப்போரம் வேப்பமர நிழல். ஒரு மூலையில் என்றைக்கோ எருக்குழி இருந்திருக்கும். ஃபிஷர் சொன்ன வழி, சீட்டுக் குலுக்கு என்பது. எந்தத் துண்டுக்கு மருந்து, எந்தத் துண்டுக்கு இல்லை என்று நீ முடிவு பண்ணாதே, காசைச் சுண்டிப் பார். அப்புறம் ஒரே ஒரு துண்டில் பார்க்காதே, பல துண்டுகளில் திரும்பத் திரும்பப் பார். நமக்குப் பிடித்த கரைசலை நாம் தன்னை அறியாமல் நல்ல மூலைக்குத்தான் கொண்டுபோவோம். காசுக்கு அந்தப் பாசம் கிடையாது.

சரி, ஒரு மாறி இன்னொன்றை உண்மையாகவே நடத்துகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த உறவு எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வருமா? பஞ்சகவ்யா 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்றால், ஒரு லிட்டர் ஊற்றினால் மூன்று பங்கு நல்லது என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. மீன் அமிலத்தை அப்படி ஊற்றி இலை நுனி கருகியதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரம் ஏறும், அப்புறம் சமமாக நிற்கும், அதற்குப் பிறகு இறங்கும். வயலில் பெரும்பாலான உறவுகள் இப்படி வளைந்தவைதான். ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டது போல எதுவும் போகாது.

ஏர் பூட்டிய காலத்து ஆட்களுக்கு இன்னொன்றை எளிதாகச் சொல்லலாம். ரெண்டு மாட்டில் ஒன்று வேகமாக நடக்கும், ஒன்று மெதுவாக. ஏர் எந்த வேகத்தில் போகும்? மெதுவான மாட்டின் வேகத்தில்தான். வேகமான மாட்டை அடித்து என்ன பயன்? பயிருக்கு எது குறைவோ அதுதான் விளைச்சலை நிறுத்துகிறது, மற்றதைக் கொட்டினாலும் ஏறாது என்பதை 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஸ்பிரெங்கலும், பிறகு லீபிக்கும் சொன்னார்கள். நம்ம நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இமயமலை அடிவாரத் தராய் பகுதியில் நெல் இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாகிப்போனது. கைரா நோய் என்றார்கள். பந்த்நகரில் இருந்த ஒய்.எல். நேனே 1966-ல் காரணத்தைக் கண்டு சொன்னார். கிருமி இல்லை, துத்தநாகக் குறைவு. துத்தநாகம் இல்லாத மண்ணில் தழைச்சத்தைக் கொட்டி என்ன ஆகப்போகிறது? ரசாயன ஆட்களுக்குச் சாதகமாக இவன் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதே நேனேதான் பிற்காலத்தில் ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளையைத் தொடங்கி, சுரபாலரின் விருட்சாயுர்வேதத்தை வெளிக்கொண்டு வந்து, குணபஜலத்தை நமக்கெல்லாம் எடுத்துச் சொன்னவர். ஒரே மனிதர், இரண்டு வேலை. எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

நெல்லில் விளைச்சல் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. சதுர மீட்டருக்கு எத்தனை குத்து, குத்துக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை நிறைந்த மணி, மணிக்கு என்ன எடை. நாலையும் பெருக்கினால் விளைச்சல். வழக்கமான நடவில் 20-க்கு 10 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 50 குத்து. குத்துக்கு 6 கதிர் என்று வைத்தால் 300 கதிர். ஒற்றை நாற்று நடவில் 25-க்கு 25 என்றால் 16 குத்துதான். முதல் தடவை வயலைப் பார்க்கிற பக்கத்து வயல்காரர், "என்னப்பா, மொட்டைத்தலை மாதிரி இருக்கு" என்பார். ஆனால் குத்துக்கு 19 கதிர் வெடித்தால் 304. கணக்கு சரியாகிவிட்டது. கதிருக்கு 90 நிறைந்த மணி, ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 540 கிராம்; ஏக்கருக்குச் சுமார் 2,185 கிலோ, 75 கிலோ மூட்டையில் 29. அறுவடைச் சேதம் தனி.

இதில் பாடம் என்னவென்றால், குத்தைக் குறைத்தால் கதிர் தானாகக் கூடாது. 14 நாள் இளம் நாற்றாக இருக்க வேண்டும், மண்ணில் சத்து இருக்க வேண்டும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணி கட்ட வேண்டும், கோனோவீடர் ஓட்ட வேண்டும். அப்போதுதான் 6 என்பது 19 ஆகும். 30 நாள் முற்றின நாற்றை எடுத்து 25-க்கு 25-ல் நட்டுவிட்டு, "ஒற்றை நாற்று நமக்கு ஒத்துவரலைங்க" என்று சொல்கிறவர்கள் பெருக்கலில் ஒரு எண்ணை மட்டும் குறைத்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டவர்கள். மடகாஸ்கரில் 1980-களில் லொலானியே பாதிரியார் இந்த முறையை உருவாக்கியபோது ஐந்தாறு மாற்றங்களை ஒன்றாகத்தான் வைத்தார். அதனால்தான் 2004 வாக்கில் உலக அளவில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டையே நடந்தது. எது விளைச்சலைத் தருகிறது, நாற்றின் வயசா, இடைவெளியா, தண்ணியா என்று பிரித்துக் காட்டு என்றது ஒரு தரப்பு. சேர்ந்து வேலை செய்வதைப் பிரித்தால் என்ன மிஞ்சும் என்றது மறு தரப்பு. இரண்டு பேர் கேள்வியும் நியாயம்தான் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும், சேர்த்தும் மாற்றிப் பார்க்க வேண்டும். இடைவெளி மட்டும் மாறின துண்டு, நாற்றின் வயசு மட்டும் மாறின துண்டு, இரண்டும் மாறின துண்டு, இரண்டும் மாறாத துண்டு. நாலு துண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறதா என்பதே தெரிந்துவிடும்.

இங்கேதான் நம்ம தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "ஐயா, இயற்கை என்பது முழுசு. அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறது ரசாயனக்காரன் புத்தி. துண்டு போட்டு அளக்குறதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை." பாதி ஒத்துக்கொள்கிறேன். மாறிகள் பின்னிக் கிடக்கின்றன என்பதை நம்மைவிட யாரும் அனுபவத்தில் அறிந்ததில்லை. ஆனால் பின்னிக் கிடக்கிறது என்று நமக்கு நிரூபித்துக் காட்டியதே தெளிக்காத துண்டுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நெல்லில் புகையான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து கூடினால் பூச்சி குறையும் என்பதுதான் எல்லோரும் நம்பிய உறவு. 1970-களின் கடைசியில் பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் ஆராய்ச்சி செய்த பீட்டர் கென்மோர், மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். அடித்த வயலில்தான் புகையான் பெருகிக் கிடந்தது. புகையான் முட்டையை இலை உறைக்குள் வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. வெளியே ஓடுகிற சிலந்திதான் சாகிறது. முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆள் இல்லை. உறவே தலைகீழாக இருந்தது. மருந்து கூட, பூச்சி கூட. 1980-களின் நடுவில் ஜாவாவில் புகையான் வெடித்தபோது இந்தோனேசிய அரசு இதைக் கேட்டுக்கொண்டு, 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் தெளிக்கத் தடை போட்டது. அடுத்த சில வருஷங்களில் பூச்சிமருந்து மானியத்தையும் நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்து போகவில்லை. அதற்குப் பிறகு அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. வாரா வாரம் வயலில் இறங்கி, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று உழவர்களே எண்ணித் தாளில் படம் வரைந்தார்கள். நம்ம இயக்கத்துக்கு உலகத்தில் கிடைத்த பெரிய சாட்சிகளில் இது ஒன்று. அடிக்காத வயல் ஒன்று பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சாட்சி கிடைத்திருக்குமா?

நம்மாழ்வார் ஐயா 1969-ல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தை விட்டு வெளியேறியதை எல்லோரும் சொல்வோம். அங்கே நடந்த சோதனைகள் மானாவாரி உழவனுக்கு உதவாதவை என்பதுதான் அவர் மனக்குறை. இடைவெளியை மாற்றிப் பார்த்தார்கள், உரத்தின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். அந்த உரத்தை வாங்குவதற்கு உழவன் கையில் காசு இருக்கிறதா என்கிற மாறியை யாரும் அளக்கவில்லை. இதிலிருந்து சோதனையே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தப்பு. எந்த மாறியை அளப்பது என்பதை நாமே முடிவு பண்ண வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். விளைச்சலை மட்டும் அளக்காமல் செலவை அளப்போம், கையில் மிஞ்சியதை அளப்போம், கிணற்றுத் தண்ணியை அளப்போம், மண்புழுவை எண்ணுவோம்.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரே மாதிரி இருக்கிற வயலில் 5 சென்ட் வீதம் ஆறு துண்டு குறித்துக்கொள்ளுங்கள், வாய்மடையிலிருந்து கடைசி வரை ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியிலும் எதற்குத் தெளிப்பது என்று காசைச் சுண்டுங்கள். தெளிக்காத துண்டை வெறுமனே விட்டுவிடாதீர்கள். அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணியைத் தெளியுங்கள். வெயில் காலத்தில் இலையில் படுகிற தண்ணிக்கே ஒரு தெம்பு உண்டு. அந்தப் பெருமையும் கரைசல் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. மற்ற எல்லாம் ஆறுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அறுக்கும்போது ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டித் தனித்தனியாக அறுத்து, காயவைத்து, எடை போடுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு அரசு ஆட்கள் வந்து செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

"தெளிக்காம விட்டா நட்டம் இல்லையா?" கணக்குப் போடுவோம். 15 சென்ட் தெளிக்காமல் இருக்கிறது. ஏக்கருக்கு 29 மூட்டை விளைச்சலில் அது நாலேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. கரைசல் உண்மையிலேயே நூற்றுக்குப் பத்து கூட்டித் தரும் சரக்கு என்றால் நீங்கள் இழப்பது முப்பத்திரண்டு, முப்பத்திமூணு கிலோ நெல். அரை மூட்டைகூட இல்லை. அந்தச் சரக்கு ஒன்றும் செய்யாது என்று தெரிந்தால், வருஷா வருஷம் ஏக்கருக்கு ஏக்கர் வாங்குகிற காசு மிச்சம்.

மூன்று ஜோடியிலும் தெளித்த துண்டே ஜெயித்தால் முடிவுக்கு வந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். மூன்று முறை காசு சுண்டி மூன்றும் தலை விழுவதற்கு 8-ல் 1 வாய்ப்பு உண்டு, சும்மாவே நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரே ஊரில் நாலு பேர் இதைச் செய்தால் 12 ஜோடி. பன்னிரண்டிலும் தெளித்த துண்டே ஜெயிப்பது தற்செயலாக நடக்க 4,096-ல் 1 வாய்ப்புதான். 12-ல் 6, 7 மட்டும் ஜெயித்தால் அந்தப் பாட்டிலுக்கு வேலை இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நாலு பேரில் செம்மண்காரர் வயலில் மட்டும் ஜெயித்து, களிமண்காரர் வயலில் தோற்றால் அது இன்னும் நல்ல செய்தி. மண் என்கிற மாறி அங்கே கை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆராய்ச்சி நிலையத்தால் நாலு ஊரில் நாலு மண்ணில் செய்ய முடியாததை ஒரு உழவர் குழு ஒரே போகத்தில் செய்துவிடும். இவ்வளவு பேர் இருந்தும் நாம் இதைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

வியாபாரிகள் இந்த வருத்தத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முன்பு ரசாயன மருந்து விற்ற அதே கடைகளில் இன்றைக்கு 'இயற்கை' என்று பச்சை லேபிள் ஒட்டின பாட்டில்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். செயல்விளக்கத் திடல் என்று கூட்டிப்போவார்கள். அந்தத் திடலில் புது விதை, சொட்டுநீர், தொழுவுரம், கூடவே அவர்கள் பாட்டில். பக்கத்தில் காட்டுவது ஆள் இல்லாமல் காய்ந்து கிடக்கிற எவனோ ஒருவன் வயல். நாலு மாறி மாறியிருக்கிறது, பெயர் மட்டும் ஒன்றுக்கு. கோபப்பட வேண்டாம், சண்டை போட வேண்டாம். "உங்க பாட்டில் மட்டும் இல்லாம, மத்ததெல்லாம் இருக்குற துண்டைக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவர்களிடம் கேட்பதை நம்ம வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும். இந்த இதழிலும் வெற்றிக் கதைகள் வருகின்றன. படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் குழுவிடம் என் வேண்டுகோள், ஒவ்வொரு வெற்றிக் கதைக்கும் கீழே மூன்று வரி சேருங்கள். அந்தப் போகத்தில் இது தவிர வேறு என்னென்ன மாறியது? செய்யாத துண்டு இருந்ததா, அதில் எவ்வளவு? ஏக்கருக்கு எவ்வளவு இட்டார், என்ன செலவு? மூன்றாவதுக்கு மட்டும் பதில் இருந்தாலும் போடுங்கள். மற்ற இரண்டிலும் 'இல்லை' என்றே அச்சடியுங்கள். ஆரம்பத்தில் 'இல்லை' நிறைய வரும். ரெண்டு வருஷத்தில் குறையும். பலன் இல்லாமல் போன சோதனைக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தோற்றதை எழுதினால் இயக்கத்துக்குக் கெட்ட பேர் வரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றதையும் எழுதுகிறவன் ஜெயித்ததாக எழுதும்போதுதான் வேளாண்மைத் துறை அதிகாரியும் நிமிர்ந்து பார்ப்பார், பக்கத்து வயல்காரரும் காது கொடுப்பார்.

இந்தச் சம்பாவுக்கு எங்கள் ஊரில் நாங்கள் நாலு பேர் தூயமல்லியில் துண்டு பிரித்திருக்கிறோம். தேமோர் கரைசல், ரெண்டு தெளிப்பு, மற்ற துண்டுக்குத் தண்ணி. காசு சுண்டியது என் பேத்தி. வாய்மடை ஓரம் இருக்கிற நல்ல துண்டு மூன்று வயலில் தண்ணிக்கே விழுந்துவிட்டது, ஒருவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாற்றிக்கலாமா என்று கேட்டார், மாற்றவில்லை. தையில் அறுப்பு. 24 துண்டின் எடையையும் அப்படியே இதழுக்கு அனுப்புகிறோம்.